சப்லிமினல் ஆடியோவால் மன உறுதி வளருமா? தயாரிப்பு, டெசிபல் அளவு, சோதனை முறை

தேடல்77

வணக்கம் நண்பர்களே. சுயக்கட்டுப்பாடு, சொன்ன சொல்லைக் காப்பது, தொடங்கியதை முடிப்பது, கோபத்தில் நிதானம் தவறாமல் இருப்பது ஆகியவற்றுக்கு ஒரு சப்லிமினல் ஆடியோ (உணர்ந்து கேட்க முடியாதபடி இரைச்சலுக்கு அடியில் புதைத்த பேச்சு) தயாரிக்கத் திட்டம். வரைவு இதுதான்:

40 உறுதிமொழிகள், எல்லாம் நிகழ்காலத்தில். குரலை 5 மடங்கு வேகமாக்கி மூன்று அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைப்பது. மழைச் சத்தத்துக்கு 25 டெசிபல் கீழே புதைப்பது. 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கி, இரவு முழுக்க 8 மணி நேரம் ஹெட்போனில் ஓட விடுவது.

இதில் எது சரி, எதைத் திருத்த வேண்டும்? "நம்பிக்கை இருந்தால் பலிக்கும்" என்ற பதில் வேண்டாம். எந்த அளவு, ஏன் அந்த அளவு என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஒலிப்பொறி

ஒலியைப் பொறுத்தவரை மட்டும் முதலில் சொல்கிறேன். பலிக்குமா என்பதை மற்றவர்கள் பேசட்டும்.

முதல் சிக்கல் 25 டெசிபல். சீரான இரைச்சலுக்குள் ஒரு வாக்கியம் ஒலித்தால், நல்ல காது உள்ளவருக்குக் குரல் இரைச்சலைவிட ஏறத்தாழ 5 டெசிபல் தாழ்ந்திருக்கும்போதே பாதிச் சொற்கள்தான் பிடிபடும். 10, 12 டெசிபல் தாழ்ந்தால் யாரோ பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. 20-ஐத் தாண்டினால் பேச்சு இருப்பதே தெரியாது. பலர் இதை "காதுக்குத் தெரியாது, ஆழ்மனத்துக்குத் தெரியும்" என்று விளக்குகிறார்கள். மறைப்பு நடப்பது மனதில் இல்லை, பெரும்பகுதி உள்காதின் நத்தைச்சுருளிலேயே நடந்துவிடுகிறது. ஒரே அதிர்வெண் பட்டையில் வலுத்த ஒலியும் மெலிந்த ஒலியும் சேர்ந்து வந்தால், அந்த இடத்து மயிர்செல்கள் வலுத்த ஒலிக்கே ஆடுகின்றன. மெலிந்ததன் தடம் நரம்புக்குள் போகும் முன்பே கரைந்துவிடும். மூளைக்கு வந்து சேராததை ஆழ்மனம் எங்கிருந்து எடுக்கும்?

இரண்டாவது, மழைச் சத்தம். அது சீராக இருக்காது, ஏறி இறங்கும். இறங்கும் கணங்களில் குரலின் துண்டுகள் வெளியே எட்டிப் பார்க்கும். குரலை முழுதாக மறைப்பதுதான் நோக்கம் என்றால் கணினியில் உருவாக்கிய பிங்க் நாய்ஸே (ஏறி இறங்காத, தாழ்ந்த அதிர்வெண்களில் சற்றுக் கூடுதல் பலமுள்ள இரைச்சல்) ஏற்றது. இசை இதற்கு இன்னும் மோசம், இரண்டு சுரங்களுக்கு நடுவே விழும் இடைவெளியில் குரல் பளிச்சென்று வந்து நிற்கும்.

மூன்றாவது, எம்பி3. இந்த வடிவம் சிறிதாவதே மறைப்பு விதியைப் பயன்படுத்தித்தான். வலுத்த ஒலிக்கு அடியில் காதுக்குக் கேட்காத பகுதியைத் துல்லியமாக எழுதி வைக்கத் தேவையில்லை என்பது அதன் அடிப்படைக் கணக்கு. கோடெக் (ஒலியைச் சுருக்கி எழுதும் நிரல்) உங்கள் குரலைத் தேடிப் பிடித்து வெட்டுவதில்லை. மொத்த அலையையும் துல்லியம் குறைத்து எழுதுகிறது, அந்தப் பிழையின் அளவு 25 டெசிபல் கீழே கிடக்கும் குரலின் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். புளூடூத் ஹெட்போனில் கேட்டால் இன்னொரு முறை இதே சுருக்கம் நடக்கும். காணொளித் தளத்தில் ஏற்றினால் மூன்றாவது முறை. ஆகவே தரம் இழக்காத வடிவங்களான வேவ் அல்லது ஃபிளாக், 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வயர் ஹெட்போன். இதில் சமரசம் வேண்டாம்.

நான்காவது, 5 மடங்கு வேகம், மூன்று அடுக்கு. இயல்பான பேச்சை 2 மடங்கு வரை விரைவாக்கினால் பழகியவருக்கு விளங்கும். அதற்கு மேல் மெய்யெழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 5 மடங்கில் அது பேச்சே இல்லை, பூச்சி ரீங்காரம். அதன் மேல் இன்னும் இரண்டு ரீங்காரத்தை அடுக்கினால் மூன்றும் ஒன்றையொன்று மறைக்கும். "அதிக முறை கேட்டால் அதிகப் பலன்" என்பது சொல் விளங்கினால்தானே பொருந்தும்.

---

மனக்கணக்கு

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதைச் சேர்க்கிறேன்.

இந்தத் துறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே ஒரு பொய்க் கணக்கு. 1957-இல் ஜேம்ஸ் விகாரி என்ற விளம்பர ஆய்வாளர், நியூ ஜெர்சி மாநிலத் திரையரங்கு ஒன்றில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் வாசகம் காட்டிப் பாப்கார்ன், கோலா விற்பனையைக் கூட்டியதாக அறிவித்தார். 1962-இல் தன்னிடம் போதிய தரவே இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். முதல் அறிவிப்பு உலகமெல்லாம் பரவியது, ஒப்புதல் பரவவில்லை.

ஆடியோவுக்கு நேரடியான சோதனை 1991-இல் ஆன்டனி கிரீன்வால்டும் குழுவினரும் செய்தது. கடைகளில் விற்ற நினைவாற்றல் டேப்பையும் தன்மதிப்பு டேப்பையும் எடுத்து, பாதிப் பேருக்கு லேபிளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். கொடுத்தவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு டேப்பும் தாம் சொன்ன வேலையைச் செய்யவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் லேபிளில் எழுதியிருந்த விஷயத்தில்தான் முன்னேறியதாக நம்பினார்கள். நினைவாற்றல் என்று லேபிள் ஒட்டிய தன்மதிப்பு டேப்பைக் கேட்டவர், நினைவாற்றல் கூடியதாகச் சொன்னார். இந்த ஒரு முடிவை மனதில் வைத்துக்கொண்டு இணையத்தில் வரும் பாராட்டுக் கடிதங்களைப் படியுங்கள், அவற்றின் எடை எவ்வளவு என்று புரிந்துவிடும்.

சப்லிமினல் என்பதே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2005-இல் கூய்டர், டுப்பூ இருவரும் சுருக்கி மறைத்த பேச்சுச் சொல்லைக் காதில் கொடுத்துப் பார்த்தார்கள். அதே சொல் அடுத்து வெளிப்படையாக வந்தபோது கேட்பவர் அதைச் சற்று வேகமாக அடையாளம் கண்டார். விளைவு உண்மை. ஆனால் அது அதே சொல்லுக்கு, உடனடியாக, மில்லிநொடிக் கணக்கில். பொருள் தொடர்புள்ள வேறு சொல்லுக்கு அது தாவவில்லை. ஒரு சொல்லின் ஒலி வடிவம் கணநேரம் விழித்துக்கொள்வதற்கும் ஒருவரின் குணம் மாறுவதற்கும் நடுவே பெரிய தூரம்.

2006-இல் கண்வழிச் சோதனை ஒன்றில் ஒரு பானத்தின் பெயரை நொடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம் காட்டினார்கள். தாகமாக இருந்தவர்களிடம் மட்டும் அந்தப் பானத்தைத் தேர்ந்தெடுக்கும் போக்கு கூடியது. தாகம் இல்லாதவரிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் விருப்பத்தை ஒரு பக்கம் லேசாகத் தள்ளலாம், இல்லாத விருப்பத்தை உண்டாக்க முடியாது என்று இதைப் படிக்கிறேன்.

---

இரவுவானம்

மனக்கணக்கு சொன்ன சோதனைகளை மறுக்கவில்லை. ஆனால் அவை முழுதும் புதைக்கப்பட்ட, கேட்பவர் எழுதாத, பொதுவான வாசகங்களைச் சோதித்தவை. இப்போது தீவிரமாகச் செய்பவர்கள் பலர் 25 டெசிபல் முறையை விட்டுவிட்டார்கள். குரல் இரைச்சலுக்கு 6 முதல் 8 டெசிபல் கீழே, கவனித்தால் பாதி பிடிபடும், வேறு வேலையில் இருந்தால் பின்னணியில் கரையும். வாசகம் கேட்பவர் தாமே எழுதியது, தம் குரலில் பதிந்தது, ஏற்கெனவே மனப்பாடம் ஆனது. தெரிந்த வாசகத்துக்கு ஒரு துணுக்கு காதில் விழுந்தாலே மீதி மனதில் ஓடிவிடும். இதை நினைவூட்டல் என்று எடுத்துக்கொண்டால் அர்த்தம் இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றியும் ஒன்று. புதிதாக ஒன்றைத் தூக்கத்தில் கற்க முடியாது என்பது 1956-இலேயே மூளை அலையைப் பதிந்து காட்டப்பட்டது. உண்மையாகத் தூங்கியவர்கள் காதில் ஓதியதில் எதையும் நினைவில் வைக்கவில்லை. ஆனால் 2009-இல் வந்த ஆய்வில், விழித்திருக்கும்போது 50 பொருள்களின் இடங்களை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலியோடு கற்றவர்களுக்கு, குட்டித் தூக்கத்தில் அவற்றில் பாதி ஒலிகளை மெல்லக் கேட்கச் செய்தபோது, அந்தப் பொருள்களின் இடம் துல்லியமாக நினைவில் நின்றது. பகலில் கற்றதை இரவில் தட்டி எழுப்பலாம் என்ற அளவுக்கு இது உண்மை.

---

மனக்கணக்கு

இரவுவானம் சொல்வதில் முக்கியமான சொல் "ஏற்கெனவே மனப்பாடம் ஆனது." அதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அப்போது வேலை செய்வது மறைப்பு இல்லை, நினைவு. கேட்கும்படி வைத்தால் அதே வேலை இன்னும் நன்றாக நடக்குமே, ஏன் புதைக்க வேண்டும்?

2009 ஆய்வை இரவு முழுக்க ஓட விடுவதற்குச் சான்றாக எடுக்க வேண்டாம். அங்கே ஒலித்தது ஒரு சிறு ஓசை, மூளை அலையைப் பார்த்து ஆழ்ந்த தூக்கம் வந்த பிறகு, சில நிமிடங்கள். வாக்கியங்களை 8 மணி நேரம் ஓட விட்டால் தூக்கம்தான் துண்டுபடும். படுக்கையறையில் 30 டெசிபலுக்கு மேல் தொடர் ஒலி கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் தந்த வழிகாட்டல். காதோடு ஒட்டிய ஹெட்போனில் மழைச் சத்தம் அதைச் சுலபமாகத் தாண்டும். சுயக்கட்டுப்பாட்டுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்வது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது போல. தூக்கம் குறைந்த மறுநாள் முதலில் தளர்வதே கோபத்தின் மீதுள்ள பிடிதான்.

---

சொல்லடுக்கு

இதுவரை ஒலியைப் பற்றித்தான் பேச்சு. வாசகத்தைப் பற்றி யாரும் தொடவில்லை, பாதித் தோல்வி அங்கேதான்.

ஆங்கில வழிகாட்டிகளில் இருக்கும் விதிகளை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறார்கள். முதல் விதி "எதிர்மறைச் சொல் வேண்டாம்". அங்கே அதற்கு என்ன காரணம் சொன்னாலும், தமிழில் ஒலி சார்ந்த காரணமே இருக்கிறது. நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. "கோபப்பட்டுக் கத்த மாட்டேன்" என்பதில் "மாட்டேன்" வரும்போது மூச்சும் குறைந்து குரலும் தாழ்ந்துவிடும். இரைச்சலுக்குள் வைத்தால் முதலில் அழிவது அந்தக் கடைசிச் சொல்தான். காதில் மிஞ்சுவது "கோபப்பட்டுக் கத்த". நீங்கள் விரும்பியதற்கு நேர்மாறு. ஆகவே செய்யப் போவதையே சொல்லுங்கள்: "குரல் உயர்ந்ததும் ஒரு மூச்சு விட்டுப் பிறகு பேசுவேன்."

இரண்டாவது விதி "எல்லாம் நிகழ்காலத்தில்". இது தமிழுக்குப் பொருந்தாது. "விடிகாலையில் எழுகிறேன்" என்று எழாதவர் சொன்னால் மனம் உடனே "இல்லையே" என்று எதிர்க்கேள்வி போடும். "எழுவேன்" என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள்: இனி எழுவேன் என்ற உறுதி, வழக்கமாக எழுவேன் என்ற பழக்கம். பொய்யும் இல்லாமல், பழக்கத்தின் தொனியும் கிடைக்கும் இந்த வசதியை விட்டுவிட்டு "எழுகிறேன், இருக்கிறேன், மிளிர்கிறேன்" என்று எழுதுவது மொழிபெயர்ப்பு வாடை. இந்த ஒரு மாற்றத்தை நான் மிகவும் வற்புறுத்துவேன்.

மூன்றாவது, "நான்" எல்லா வாக்கியத்திலும் வேண்டாம். "எழுவேன்" என்பதன் "ஏன்" விகுதியிலேயே "நான்" அடங்கியிருக்கிறது. எல்லா வாக்கியமும் "நான்" என்று தொடங்கினால் காது நான்காவது வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திவிடும்.

"நான் வலிமையானவன், எதையும் வெல்பவன்" போன்ற அடைமொழி வாக்கியங்களையும் நீக்கிவிடுங்கள். அவற்றில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

---

மனக்கணக்கு

கடைசி வரிக்குச் சான்றும் உண்டு. 2009-இல் ஜோயேன் வுட் குழுவினர், தன்மதிப்புக் குறைந்தவர்களை "நான் அன்புக்குரியவன்" என்ற பொருளில் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தபோது, சொல்லாதவர்களைவிட மனநிலை மோசமானது. தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்கு மட்டும் சிறு நன்மை. யாருக்கு அதிகம் தேவையோ அவரையே அது காயப்படுத்துகிறது.

மாறாக, "இன்ன நிலை வந்ததும் இன்னதைச் செய்வேன்" என்ற வடிவத்துக்குப் பலமான ஆதாரம் இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் இதை 1990-களிலிருந்து ஆராய்ந்தார். 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் இலக்கை அடைவதில் நடுத்தரத்திலிருந்து பெரிய அளவு வரை விளைவு தெரிந்தது. தமிழ் வாக்கிய அமைப்பு இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. தூண்டுதல் முதலில் வரும், செயல் கடைசியில் வரும்: "சாப்பிட்டுக் கை கழுவியதும் புத்தகத்தைத் திறப்பேன்." வாழ்க்கையில் நடக்கும் வரிசையும் அதுதான்.

---

தேடல்77

நன்றி. 40 வாக்கியம் அதிகம் என்று தோன்றுகிறது. எத்தனை வைக்கலாம்? "உறுதியான குணம்" என்பதை எப்படி இந்த வடிவத்தில் உடைப்பது? இன்னொன்று, "சைலண்ட் சப்லிமினல்" என்று கேட்கவே கேட்காத கோப்புகள் விற்கிறார்கள். அவற்றில் என்ன இருக்கிறது?

---

சொல்லடுக்கு

ஒரு சுற்றுக்கு மூன்று வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம். குணம் என்ற பெரிய சொல்லை, பக்கத்தில் நிற்பவர் எண்ணக்கூடிய செயலாக இறக்குங்கள்.

சொன்ன சொல்லைக் காப்பது: "ஒருவருக்கு ஒப்புக்கொண்டதும் நாளும் நேரமும் குறித்து வைப்பேன்." வாக்குத் தவறுவதில் பாதி மறதி, மீதி அளவுக்கு மீறி ஒப்புக்கொள்வது. குறிக்கும்போதே இரண்டாவதும் கண்ணில் படும்.

தொடங்கியதை முடிப்பது: "நடுவில் எழத் தோன்றியதும் இன்னும் ஐந்து நிமிடம் உட்காருவேன்."

நிதானம்: "முகம் சூடாவது தெரிந்ததும் மூச்சை மெல்ல விட்டு, எதிரில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன்." இங்கே தூண்டுதல் உடலில் இருப்பதைக் கவனியுங்கள். "கோபம் வந்ததும்" என்று வைத்தால் கோபம் வந்தபின்தான் தெரியும், அதற்குள் வாய் முந்திக்கொள்ளும். உடற்குறி சில நொடிகள் முன்னால் வரும்.

தூண்டுதல் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "தினமும்", "எப்போதும்", "எந்தச் சூழலிலும்" என்பவை தூண்டுதல் ஆகா.

---

ஒலிப்பொறி

சைலண்ட் கோப்பு பற்றி. 1992-இல் ஆலிவர் லௌரி பெற்ற அமெரிக்கக் காப்புரிமையிலிருந்து வந்த முறை. 14.5 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓர் உயர்ந்த சுரத்தை எடுத்து, பேச்சுக்கு ஏற்ப அதன் அதிர்வெண்ணை மேலும் கீழும் ஆட்டுவது. வானொலியின் எஃப்.எம். போலத்தான். ஆனால் வானொலிப் பெட்டியில் பேச்சைப் பிரித்தெடுக்க ஒரு சுற்று இருக்கிறது, காதில் அது இல்லை. செவி நரம்பு அலையோடு சேர்ந்து துடிப்பது 4, 5 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் பெரும்பாலும் ஒலி எவ்வளவு பலம் என்பதே போகும். எஃப்.எம். சுரத்தின் பலம் மாறுவதே இல்லை. ஆக காதுக்குக் கிடைப்பது மெலிதான ஒரு விசில், விளங்கும் பேச்சு இல்லை.

அதோடு 128 கேபிபிஎஸ் எம்பி3 பொதுவாக 16, 17 கிலோஹெர்ட்ஸ் வாக்கிலேயே மேற்பகுதியை வெட்டிவிடும். அதற்கு மேல் வைத்தது கோப்பிலேயே இருக்காது.

ஆபத்தும் இங்கேதான் அதிகம். நடுவயதைத் தாண்டியவருக்கு 14 கிலோஹெர்ட்ஸ் கேட்காமல் போவது சகஜம். "கேட்கவில்லையே" என்று ஒலியைக் கூட்டுவார். கோப்பு முழு உச்சத்தில் பதிந்திருந்தால் காதுக்கு என்ன போகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அதே அறையில் இருக்கும் குழந்தைக்கும் நாய்க்கும் அது கூர்மையாகக் கேட்கும்.

வாங்கிய கோப்பில் குரல் இருக்கிறதா என்று பார்க்க ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் தொகுப்பு மென்பொருள் போதும். டிராக்கின் பார்வையை ஸ்பெக்ட்ரோகிராமுக்கு (எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் என்று காட்டும் படம்) மாற்றி, விண்டோ அளவு 2048 வையுங்கள். பேச்சு இருந்தால் 300 முதல் 3500 ஹெர்ட்ஸுக்குள் கிடைமட்டப் பட்டைகள் வளைந்து வளைந்து, நொடிக்கு நாலைந்து அசை வீதம் விட்டுவிட்டுத் தெரியும். 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நெளியும் ஒற்றைக் கோடு தெரிந்தால் அது சைலண்ட் வகை. இன்னொரு வழி: பல கோப்புகளில் பின்னணி இரைச்சல் 10, 20 நொடித் துண்டு ஒன்றின் சுழற்சியாக இருக்கும். கோப்பை நகலெடுத்து, சரியாக ஒரு சுழற்சி தள்ளி வைத்து, நகலை இன்வர்ட் செய்து (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் கலந்தால் இரைச்சல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். சுழற்சிக்குள் அடங்காத எதுவும் இருந்தால் தனியே மிஞ்சும். சுருக்கப்பட்ட கோப்பில் முழுதும் அழியாது, ஆனாலும் பேச்சு இருந்தால் காதுக்குத் தெரியும் அளவுக்கு மேலே வரும். 1988-இல் ஃபிலிப் மெரிக்கிள் விற்பனை டேப்புகளை ஸ்பெக்ட்ரோகிராபில் ஆராய்ந்தபோது பேச்சின் தடயமே கிடைக்கவில்லை.

---

இரவுவானம்

சரி, என் பக்கத்து வாதத்தையும் சோதனைக்கு விடுகிறேன். 6 டெசிபல் முறையோ, முழுதும் புதைக்கும் 20 டெசிபல் முறையோ, வேலை செய்கிறதா என்று தனி ஒருவர் எப்படிக் கண்டறிவது? "ஒரு மாதம் கேட்டேன், மாறியது" என்பது செல்லாது, கேட்கத் தொடங்கியவர் அந்த மாதம் தன்னைக் கவனிக்கவும் தொடங்கியிருப்பார்.

---

மனக்கணக்கு

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இரண்டு கோப்பு. ஒன்றில் பிங்க் நாய்ஸும் குரலும், மற்றதில் பிங்க் நாய்ஸ் மட்டும். நீளமும் ஒலிப் பலமும் ஒன்றாக இருக்கட்டும். இன்னொருவர் நாணயம் சுண்டி அ, ஆ என்று பெயரிட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும்.

தொடங்கும் முன் ஒரு காதுச் சோதனை. உதவுபவர் வரிசையைக் கலைத்து 16 முறை இரண்டில் ஒன்றைப் போடட்டும். எது என்று சொல்லுங்கள். வெறும் ஊகத்திலேயே 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரி என்றால் அது தற்செயலாக நடக்க 4 சதவீத வாய்ப்புக்கும் குறைவு, அதாவது உங்களுக்குக் குரல் கேட்கிறது. அப்போது அது சப்லிமினலே இல்லை, சோதனையும் மறைவாக இருக்காது. குரலை 2 டெசிபல் இறக்கி மறுபடி செய்யுங்கள்.

பிறகு 56 நாள், 14 நாளுக்கு ஒரு கட்டம்: அ, ஆ, ஆ, அ. இப்படி வைத்தால் காலம் செல்லச் செல்ல இயல்பாக வரும் முன்னேற்றம் இரண்டு பக்கமும் சமமாகப் பங்காகும். அளவிடுவது ஒரே ஒரு எண், படுக்கும் முன் எழுத வேண்டும். "இன்று மனம் எப்படி இருந்தது, 10-க்கு எத்தனை" என்பது எண் ஆகாது, அது லேபிளின் பின்னால் ஓடும். "குரலை உயர்த்தியது எத்தனை முறை", "குறித்த வேலையில் எத்தனை முடிந்தது" என்பது எண். முடிந்தால் வீட்டில் இன்னொருவரும் தனியாக எண்ணட்டும்.

கடைசியில், சாவியைத் திறக்கும் முன், எது குரல் கோப்பு என்று உங்கள் ஊகத்தை எழுதிவிடுங்கள். பிறகு இரண்டின் சராசரியைப் பாருங்கள். வித்தியாசம் ஒரு கட்டத்துக்குள் நாளுக்கு நாள் இருக்கும் ஏற்ற இறக்கத்தைவிடச் சிறியதாக இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். முதல் 14 நாளில் எண் நன்றாகி, பிறகு கோப்பு மாறினாலும் அப்படியே நின்றால், வேலை செய்தது எண்ணி எழுதிய பழக்கம்தான். எனக்குப் பந்தயம் கட்டச் சொன்னால் அதன் மேல்தான் கட்டுவேன்.

---

தேடல்77

கேட்கும்படியான முறைக்கே மாறிவிடலாம் என்று தோன்றுகிறது. யாராவது படிப்படியாகச் சொல்ல முடியுமா? 6 டெசிபல் வகையையும் சோதனைக்காகச் செய்ய விருப்பம்.

---

ஒலிப்பொறி

பதிவு: மைக் வாயிலிருந்து 15, 20 செ.மீ., நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில். "ப", "க" வெடிப்பு மைக்கில் அடிக்காது. உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்ட ஹை-பாஸ் வடிகட்டி. வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை மூச்சைத் தாங்கிப் பேசுங்கள். சொல்லடுக்கு சொன்னது போலத் தமிழில் வினையே அங்கேதான் இருக்கிறது. வினை அமுங்கினால் வாக்கியமே போச்சு.

கேட்கும் வகை: முதலில் ஒரு சிறு மணியோசை, 10 நொடி மௌனம். வாக்கியம் ஒன்று. 20 நொடி இடைவெளி, அந்த இடைவெளியில் அந்த இடத்தையும் செயலையும் மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதே வாக்கியம் இன்னொரு முறை, மீண்டும் 20 நொடி. மூன்று வாக்கியத்துக்கும் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பின்னணி இசை வேண்டாம், அது இடைவெளியைத் தின்றுவிடும்.

6 டெசிபல் வகை: ஆடாசிட்டியின் ஜெனரேட் மெனுவில் பிங்க் நாய்ஸ், 20 நிமிடம். நாய்ஸையும் குரலையும் தனித்தனியே தேர்ந்து லௌட்னஸ் நார்மலைசேஷனில் இரண்டுக்கும் மைனஸ் 23 LUFS (ஒலிப் பலத்தின் அலகு). பிறகு குரல் டிராக்கின் கெயினை மைனஸ் 6-க்கு இழுங்கள். சமப்படுத்தாமல் கெயினை மட்டும் இறக்கினால் அந்த 6 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை, பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 24 பிட் வேவ் ஆக எக்ஸ்போர்ட். குரல் மந்தமாக, தாளம் மட்டும் கேட்டால் 2 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் ஏற்றுங்கள். மெய்யெழுத்துகள் அந்தப் பகுதியில்தான் மெலிந்து கிடக்கும், இரைச்சல் முதலில் விழுங்குவதும் அவற்றைத்தான்.

ஒலி அளவு: பக்கத்தில் ஒருவர் இயல்பாகப் பேசுவது ஹெட்போனை மீறிக் கேட்க வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்தான் உலகச் சுகாதார நிறுவனம் வைக்கும் எல்லை. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகக் குறையும், 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. வண்டி ஓட்டும்போது இரண்டு வகையும் வேண்டாம்.

---

மனக்கணக்கு

எப்போது கேட்பது என்பதையும் சேர்க்கிறேன். தூண்டுதல் நேரக்கூடிய சூழலுக்குச் சற்று முன்பு. வேலையில் நிதானம் வேண்டுமென்றால் வேலை தொடங்கும் முன், படுக்கையில் இல்லை. நாளுக்கு இரண்டு முறை போதும்.

எத்தனை நாள்? "21 நாளில் பழக்கமாகிவிடும்" என்ற கணக்கை மறந்துவிடுங்கள். ஃபிலிப்பா லாலி குழுவினரின் ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. ஒரு நாள் தவறினால் பெரிய இழப்பு இல்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் கதைதான். ஒரு வாக்கியத்தின் செயல் தொடர்ந்து 10 வாய்ப்பில் 8 முறையாவது நடந்தால் மட்டும் அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். சலிப்பு வந்ததற்காக மாற்ற வேண்டாம்.

கோபமோ சோர்வோ வேலையையும் உறவையும் உடைக்கும் அளவுக்குப் போனவருக்கு இந்த ஆடியோ எதுவும் போதாது. அவர் மனநல நிபுணரைப் பார்க்க வேண்டும். சம்மதம் இல்லாமல் பிள்ளைகளுக்கோ துணைவருக்கோ மறைத்து ஓட விடுவதும் தவறு.

---

இரவுவானம்

56 நாள் சோதனையை இரண்டாகச் செய்யலாம் என்று முன்மொழிகிறேன். முதல் சோதனையில் 20 டெசிபல் கோப்பும் வெறும் நாய்ஸும். இரண்டாவதில் 6 டெசிபல் கோப்பும் கேட்கும்படியான மூன்று நிமிடக் கோப்பும். இரண்டாவதில் மறைவு சாத்தியமில்லை என்பது தெரியும், ஆனால் எண்ணும் ஆள் வேறொருவர் என்றால் ஓரளவு நம்பலாம். ஒரே நேரத்தில் மூன்று வகையையும் கலக்க வேண்டாம்.

---

சொல்லடுக்கு

இரண்டு சோதனைக்கும் ஒரே வாக்கியங்களை வைக்க வேண்டாம். முதல் 56 நாளில் பழகிய செயல் இரண்டாவதிலும் தொடரும், கணக்கு குழம்பும். முதலில் நிதான வாக்கியம், அடுத்ததில் "இன்னும் ஐந்து நிமிடம் உட்காருவேன்".

---

தேடல்77

ஏற்றுக்கொள்கிறேன். முதல் சோதனைக்கு ஒரே வாக்கியம்: "முகம் சூடாவது தெரிந்ததும் மூச்சை மெல்ல விட்டு, எதிரில் இருப்பவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வேன்." எண்: குரல் உயர்ந்த தடவைகள். அ, ஆ கோப்புகள் 24 பிட் வேவ், 20 நிமிடம், வயர் ஹெட்போன், பகலில் ஒரு முறை. காதுச் சோதனையில் 12 அல்லது அதற்கு மேல் வந்தால் 20-ஐ 22 ஆக்குவேன். ஒரு சந்தேகம்: வாக்கியத்தை 20 நிமிடத்துக்குள் எத்தனை முறை வைப்பது?

---

ஒலிப்பொறி

வாக்கியம் ஏறத்தாழ 7 நொடி வரும். 8 நொடி இடைவெளி விட்டால் 15 நொடிக்கு ஒன்று, 20 நிமிடத்தில் 80 முறை. இடைவெளிகளை 5 முதல் 11 நொடிக்குள் மாற்றி மாற்றி வையுங்கள். சரியாக 15 நொடிக்கு ஒரு முறை வந்தால் குரல் கேட்காவிட்டாலும் அந்தத் தாளத்தை வைத்தே காது எது குரல் கோப்பு என்று கண்டுபிடித்துவிடும்.